கரையிலிருந்து 600 கி.மீ. உள்ளே: ஹரிக்கேனுக்கு மலையோர ஊர்கள் தயாராவது எப்படி?

2024 செப்டம்பர் 26 இரவு பதினோரு மணி வாக்கில் ஹெலீன் என்ற ஹரிக்கேன் ஃப்ளோரிடாவின் பெரி ஊருக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. நான்காம் வகைப் புயல். காற்று மணிக்கு 225 கி.மீ. கரையோர மாவட்டங்களில் அதற்கு முன்பே வெளியேற்ற உத்தரவு போட்டு, தங்குமிடங்களைத் திறந்திருந்தார்கள். ஆனால் அந்தப் புயல் அதிகம் பேரைப் பலிகொண்ட மாநிலம் ஃப்ளோரிடா அல்ல, வட கரோலினா. அங்கே மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் அப்பலாச்சியன் மலைப் பகுதியில், ஆஷ்வில் நகரைச் சுற்றிய மாவட்டங்களில். ஆஷ்வில், புயல் கரையேறிய இடத்திலிருந்து சுமார் 600 கி.மீ. உள்ளே, கடல் மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேலே இருக்கிறது. எல்லா மாநிலங்களையும் சேர்த்தால் சாவு 250 அளவில். 2005இல் வந்த கத்ரீனாவுக்குப் பிறகு அமெரிக்கப் பெருநிலத்தில் இத்தனை உயிரைக் குடித்த ஹரிக்கேன் வேறில்லை.

கரையில் இருப்பவரை அரசு கிளம்பச் சொல்லும். உள்நாட்டில் அப்படி ஓர் உத்தரவு பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் விடியற்காலையில், ஓடை ஏற்கெனவே சாலையை மூடிய பிறகு, செல்போன் அலறலாக வரும். அதனால் உள்நாட்டில் தயாரிப்பு என்றால் முதல் வேலை டின் உணவும் டார்ச்சும் வாங்குவதல்ல. எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே போவது என்பதை வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதுதான். அட்லாண்டா, கிரீன்வில், ஷார்லட், ராலே பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். கடல் தூரம் என்ற தைரியம் அங்கெல்லாம் இருக்கிறது. கஜா 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, புதுக்கோட்டை, திண்டுக்கல் தாண்டிக் கொடைக்கானல் வரை மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிரமமில்லை.

காற்றின் எண் சொல்லாதது

ஒன்று முதல் ஐந்து வரையான வகை எண் காற்றின் வேகத்தை மட்டும் அளக்கிறது. மழையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. புயல் நிலத்துக்குள் வந்ததும் வகை சரசரவென்று இறங்கும். தொலைக்காட்சியில் "வலுவிழந்தது" என்பார்கள். அது சுமந்து வந்த ஈரப்பதம் வலுவிழப்பதில்லை. அந்த ஈரக்காற்று மலைச்சரிவில் முட்டி மேலேறும்போது குளிர்ந்து, வைத்திருந்த நீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. நீல முகடு என்னும் புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் தென்கிழக்குச் சரிவில் ஹெலீன் செய்தது இதுதான். வட கரோலினாவின் பியூசிக்கில் சில நாட்களுக்குள் 30 அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 780 மி.மீ. மழை பதிவானது.

அதைவிட முக்கியமான ஒன்று, மையம் வருவதற்கு முன்பே பெய்த மழை. செப்டம்பர் 25 முதலே, ஒரே இடத்தில் நின்றுவிட்ட குளிர்காற்று எல்லையில் ஹெலீனின் ஈரப்பதம் வந்து மோதி, பல இடங்களில் எட்டு அங்குலத்துக்கு மேல் கொட்டியிருந்தது. மண் முழுக்க ஊறியிருந்த நிலையில்தான் 27 காலை புயல் வந்தது. ஊறிய மண்ணுக்கு அடுத்த மழையைக் குடிக்க இடமில்லை. அது அப்படியே ஓடைக்குப் போகும். மரவேரைப் பிடிக்கும் வலுவும் அந்த மண்ணுக்குக் கிடையாது. வறண்ட தரையில் 100 கி.மீ. காற்றைத் தாங்கும் ஓக் மரம், ஊறிய தரையில் அதைவிட மிகக் குறைந்த காற்றிலேயே வேரோடு சாயும். ஹெலீன் வேகமாக நகர்ந்த புயல் என்பதால் காற்றும் தணிய நேரமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. மவுண்ட் மிட்செல் உச்சியில் வீச்சு மணிக்கு 170 கி.மீ. ஆனது.

ஆஷ்விலில் ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 24.67 அடிக்கு ஏறியது. அங்கே வெள்ள அபாய அளவே 9.5 அடிதான். முந்தைய உச்சம் 1916 ஜூலையில் 23.1 அடி. அந்த ஆண்டிலும் ஒரு புயல் மண்ணை ஊறவைத்துப் போக, சில நாளில் அடுத்தது வந்தது. 2004 செப்டம்பரில் ஃபிரான்ஸிஸும் ஐவனும் அதே வரிசையில் வந்தன. ஆக, மலையோர ஊரில் இருப்பவர் புயலின் வகையைவிட, கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தேசிய ஹரிக்கேன் மையம் வெளியிடும் கூம்பு வடிவ வரைபடமும் பலரை ஏமாற்றிவிடுகிறது. புயலின் மையம் போகக்கூடிய பாதையை மட்டுமே அது காட்டும். கூம்புக்கு வெளியே இருப்பதால் மழையும் காற்றும் வராது என்று பொருளல்ல.

எப்போது கிளம்புவது

எச்சரிக்கையில் இரண்டு படி உண்டு. வாட்ச் என்றால் வரக்கூடும். வார்னிங் என்றால் வந்துகொண்டிருக்கிறது அல்லது வந்துவிட்டது. ஓடைக்கரையிலோ செங்குத்துச் சரிவின் அடியிலோ வீடு இருந்தால் வார்னிங்குக்குக் காத்திருக்கக் கூடாது. குறுகிய பள்ளத்தாக்கில் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் பல அடி ஏறும், அதுவும் பெரும்பாலும் இருட்டில்.

வட கரோலினா மலைகளில் 24 மணி நேரத்தில் ஐந்து அங்குல மழை என்பதை நிலச்சரிவு தொடங்கும் எல்லையாக அங்குள்ள புவியியல் துறை வைத்திருக்கிறது. ஹெலீனில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு அமைப்பு அடையாளம் கண்ட நிலச்சரிவுகள் இரண்டாயிரத்துக்கு மேல். எனவே ஒரு நல்ல விதி இது: வெள்ள வாட்ச் இருந்து, முன்னறிவிப்பு ஐந்து அங்குலத்தைத் தாண்டினால், பொழுது சாய்வதற்குள் இடம் மாறிவிட வேண்டும். முந்தைய நாட்களில் ஏற்கெனவே மழை கொட்டியிருந்தால் மூன்று அங்குலத்திலேயே கிளம்பலாம்; அது அதிகப்படியான எச்சரிக்கை ஆகாது.

போகவேண்டிய தூரம் அதிகமில்லை. கரையோரத்துக்காரர்கள் போல நூற்றுக்கணக்கான மைல் ஓட வேண்டாம். அப்படி ஓடினால் ஓடையை ஒட்டிய சாலையில் மாட்டிக்கொள்வதே அதிகம். மேட்டிலுள்ள உறவினர் வீடு, தேவாலயம், பள்ளிக்கூடம் எதுவானாலும் போதும். ஆனால் அந்த இடம் மலை மடிப்பு வாய் திறக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளம் சமவெளியில் விரியும் இடம் பார்ப்பதற்கு வீடு கட்ட வாகாக இருக்கும். பழைய மண்சரிவுகள் கொண்டுவந்து கொட்டிய மண்தான் அந்தச் சமதளம்; அடுத்த சரிவும் அதே வழியில்தான் வரும்.

சிற்றோடைகளில் அளவுமானி இருக்காது. அருகிலுள்ள பாலத் தூணிலோ அசையாத பாறையிலோ அடிக்கணக்கில் கோடு போட்டு வைத்தால், எந்தக் கோட்டைத் தொட்டால் யார் கிளம்புவது என்று தெருவே பேசி வைத்துக்கொள்ளலாம். ஓடை நீர் திடீரென்று சேறாக மாறினாலோ, மழை நிற்காமல் பெய்யும்போதே நீர்மட்டம் சட்டென்று குறைந்தாலோ, மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. அந்த அடைப்பு உடைவதற்குள் மேட்டுக்கு ஓடிவிட வேண்டும். மரங்கள் முறியும் சத்தமும் ரயில் வருவது போன்ற அதிர்வும் கேட்டால், பள்ளத்தின் வழியே கீழே ஓடாமல் பக்கவாட்டில் மேலேற வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே ஒரு முரண்பாடு இருக்கிறது. மரம் விழும் ஆபத்துக்குக் கீழ்த்தளம் நல்லது. தண்ணீருக்கும் மண்சரிவுக்கும் மேல்தளம் நல்லது. ஹெலீனின் நேரடிச் சாவுகளில் பாதிக்கு மேல் வெள்ளமும் மண்சரிவும்; அடுத்த பெரும் பங்கு காற்று, அதிலும் மரம் விழுந்து இறந்தவர்களே மிகுதி. அதனால் அவரவர் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து, எது பெரிய ஆபத்து என்று தீர்மானிக்க வேண்டும். மேட்டில், மரங்களுக்கு நடுவே வீடு என்றால் கீழ்த்தளத்தில், பெரிய மரங்கள் இல்லாத பக்கத்து அறையில் படுங்கள். ஓடைப் பக்கம் என்றால் மேலே. இரண்டும் சேர்ந்திருந்தால் அந்த இரவு அந்த வீட்டில் தங்கவே கூடாது. மொபைல் ஹோம்களில் இருப்பவர்கள் எந்த வகைப் புயலானாலும் வெளியேற வேண்டியதுதான். நங்கூரக் கம்பி கட்டியிருந்தாலும் மரம் விழுந்தால் அந்தக் கூரை தாங்காது.

தண்ணீர் ஏறி மேலே போக நேர்ந்தால், கூரைக்கு வழியில்லாத அடைத்த பரணுக்குள் போகக் கூடாது. வேறு வழியே இல்லாமல் போனால் கூரையை வெட்டித் திறக்க அங்கே ஒரு கோடாலி இருக்கட்டும்.

வீட்டைச் சுற்றி

மர வேலை புயலுக்கு முந்தைய நாள் செய்வதல்ல. குளிர்காலத்திலேயே முடிக்க வேண்டியது. வீட்டிலிருந்து தன் உயரத்துக்கும் குறைவான தூரத்தில் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் பார்க்க வேண்டும். அடிமரத்தில் காளான், பட்டை பிளந்த நீளமான வெடிப்பு, வேர்ப்பக்கத்து மண்ணில் அரைவட்டமாக விரிசல், வீட்டுப் பாதையோ குழாய்க் குழியோ போடும்போது ஒரு பக்கத்து வேரை வெட்டிய தடம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மரம் அறிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். புயலுக்கு இரண்டு நாள் முன்னால் அவசரமாக வெட்டிய கிளைகள் தெருவோரத்தில் குவிந்து, காற்றில் பறக்கும் அல்லது வடிகாலை அடைக்கும்.

அடைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சாலை அறுந்துபோவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வீட்டுப் பாதைக்கும் ஊர்ச் சாலைக்கும் அடியில் ஓடையைக் கடத்தும் கல்வெர்ட் குழாயின் வாயில் இலையும் கிளையும் சேர்ந்தால் சாலையே அணையாகிவிடும். பின்னால் நீர் தேங்கி, சாலைக்கு மேல் வழிந்து, கீழ்ப்பக்க மண்ணை அரித்து, ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு போகும். கீழே இருக்கும் அடுத்த கல்வெர்ட்டுக்கு அந்த மொத்த நீரும் மரமும் ஒன்றாகப் போய்ச் சேரும். மழை தொடங்குமுன் குழாய் வாயையும் அதற்கு மேற்புறம் பத்தடி ஓடைப்படுகையையும் சுத்தம் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு குழாய் வாயில் இறங்கக் கூடாது. உறிஞ்சும் விசை ஆளையே உள்ளே இழுத்துவிடும்.

முற்றத்து நாற்காலி, குழந்தைகளின் டிராம்போலின், குப்பைத் தொட்டி எல்லாம் உள்ளே போக வேண்டும். ஜன்னலில் டேப் ஒட்டுவதால் பயனில்லை. எட்டில் ஐந்து பங்கு அங்குலத் தடிப்புள்ள பிளைவுட்டை முன்பே அளந்து வெட்டி, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி வைத்திருந்தால் சரி. இல்லையென்றால் கடைசி நேரத்தில் அதற்காகக் கடை கடையாக அலைவதைவிட, உள்ளறை ஒன்றைத் தயார் செய்வது மேல். கேராஜ் கதவு பலவீனமான இடம். அது உள்வாங்கினால் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும்.

புரோப்பேன் டாங்கியைப் பலர் மறக்கிறார்கள். நிரம்பிய டாங்கிகூடத் தண்ணீரில் மிதக்கும். மிதந்து குழாயைப் பிய்த்துக்கொண்டு, வாயு கக்கியபடி ஆற்றோடு போகும். பட்டை போட்டுத் தரையோடு பிணைக்க வேண்டும்; வீட்டை விட்டுக் கிளம்பும்போது வால்வை மூட வேண்டும். மெயின் பிரேக்கரையும் அணைத்துவிட்டுப் போகலாம். ஆனால் பிரேக்கர் பெட்டியை எட்டத் தண்ணீரில் நிற்க வேண்டும் என்றால் தொடவே வேண்டாம்.

இரண்டு வாரம் தனித்தீவு

வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று நாள் கையிருப்பு மலையூருக்குப் போதாது. ஹெலீனில் பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்டர்ஸ்டேட் 40 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியையே ஆறு அறுத்தெடுத்தது. பக்கத்துக்கு ஒரு தடமாகத் திறக்கவே 2025 மார்ச் 1 ஆனது. சில ஊர்களுக்குக் கோவேறு கழுதைகளில் மருந்தும் உணவும் போயின. கணக்கை இரண்டு வாரத்துக்குப் போடுங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். ஆஷ்விலின் நார்த் ஃபோர்க் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் பெரிய குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டன. 2004 வெள்ளத்துக்குப் பின் பாடம் படித்து 25 அடி ஆழத்தில் புதைத்த மாற்றுக் குழாயும் தப்பவில்லை. நீர்த்தேக்கம் சேறாகக் கலங்கியதால் வடிகட்டவும் முடியவில்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று அறிவித்தது நவம்பர் 18-ஆம் தேதி, 53 நாள் கழித்து. போர்வெல் வைத்திருந்தவர்களுக்கும் விடிவில்லை. மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், கிட்டத்தட்ட நான்கு லிட்டர். நான்கு பேர் குடும்பத்துக்கு 14 நாளுக்கு 224 லிட்டர். அத்தனையும் பாட்டிலாக வாங்க வேண்டியதில்லை. வாட்டர் ஹீட்டரில் 150 முதல் 190 லிட்டர் நல்ல தண்ணீர் இருக்கிறது. அதை எடுக்க முதலில் மின்சாரத்தையோ கேஸையோ அணையுங்கள். உள்வரும் குழாயை மூடுங்கள், இல்லையென்றால் பின்னால் அசுத்த நீர் ஏறிக் கலந்துவிடும். மேலே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்று விடுங்கள். ஆறிய பிறகு அடி வால்வில் பிடியுங்கள். கழிவறைக்கு ஒரு ஃப்ளஷ் ஆறு லிட்டர் என்றாலும் நான்கு பேருக்கு ஒரு நாளில் நூறு லிட்டரை நெருங்கும். அதற்குக் குளியல் தொட்டியை நிரப்பி வையுங்கள். தீர்ந்தால் ஓடைத் தண்ணீர் போதும்.

ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டி வந்தால் துணியில் வடிகட்டி ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அடுப்பு இல்லையென்றால் வாசனை சேர்க்காத 6 சதவீத பிளீச், லிட்டருக்கு இரண்டு சொட்டு. கலங்கல் என்றால் நான்கு. அரை மணி நேரம் காத்திருந்து குடிக்கலாம். பெட்ரோலோ ரசாயனமோ கலந்த வெள்ள நீருக்கு இந்த இரண்டும் உதவாது.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி, பாதி நிரம்பியது 24 மணி. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை முன்பே உறையவைத்தால் குளிரும் நீடிக்கும், பிறகு குடிக்கவும் ஆகும். நம் வீடுகளில் அரிசி, பருப்பு எப்படியும் இருக்கும். ஆனால் குக்கரில் அவற்றை வேகவைக்கத் தண்ணீரும் எரிவாயுவும் வேண்டும். அவல், பொரி, ரொட்டி, டின் கடலை போல ஊறினாலே தின்னக்கூடியதும் பிரித்தாலே தின்னக்கூடியதும் சரிபாதி இருக்கட்டும்.

புயலுக்குப் பின் ஜெனரேட்டரே ஆளைக் கொல்வதுண்டு. கேராஜில் கதவைத் திறந்து வைத்து ஓட்டினாலும் கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் வரும், அதற்கு மணமில்லை. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகைவாய் ஜன்னல்களுக்கு எதிர்த்திசையில், மழை படாத மறைப்பின் கீழ் வைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் அலாரம் படுக்கையறைப் பக்கம் வேண்டும். சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுக்க மின்சாரம் கொடுக்கிறேன் என்பது கொலைக்குச் சமம்: அந்த மின்சாரம் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் பின்னோக்கி ஏறி, கம்பி சரிசெய்யும் லைன்மேனைத் தாக்கும். தெருக் கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் இல்லையென்றால் தடித்த நீட்டிப்பு வயரில் ஃபிரிட்ஜும் மருத்துவக் கருவியும் மட்டும் போதும். பெட்ரோல் பங்க்குகளில் பம்ப் ஓட மின்சாரம் வேண்டும், அட்டைக்கு இணையம் வேண்டும். இரண்டு நாள் முன்பே டாங்கை நிரப்பி, சில்லறை நோட்டுகளாக ரொக்கம் வையுங்கள்.

வெளியில் காரை எடுத்தால் நினைவில் வைக்க மூன்று அளவு போதும். ஓடும் நீர் ஆறு அங்குலம் என்றால் ஆளைச் சாய்க்கும். ஓர் அடி சிறிய காரை நகர்த்தும். இரண்டடி பெரும்பாலான வண்டிகளை மிதக்கவைக்கும். அதற்கடியில் சாலை இருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது.

தெரு சேர்ந்து செய்வது

ஹெலீனில் செல்போன் டவர்கள் பெரும்பாலும் செத்துவிட்டன. மின்சாரமும் ஃபைபர் கம்பியும் ஒரே சாலையோரத்தில் போனதால் ஒரே மரத்தில் இரண்டும் அறுந்தன. அப்போது மவுண்ட் மிட்செல் உச்சியிலிருந்த அமெச்சூர் வானொலி ரிப்பீட்டர், அதாவது சிறு வானொலிகளின் பேச்சை வாங்கித் தூரத்துக்கு மறுபடி ஒலிபரப்பும் கருவி, 145.190 மெகாஹெர்ட்ஸில், பல நாள் அந்த வட்டாரத்துக்கே பேச்சு வழியாக இருந்தது. உள்ளூர்ப் பொது வானொலியின் செய்திகளை மக்கள் கார்களில் உட்கார்ந்து கேட்டார்கள். பேட்டரியில் ஓடும் நோவா வானிலை ரேடியோ வீட்டுக்கு ஒன்று, உரிமம் பெற்ற ஹாம், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர், பகுதிக்கு ஒருவர் என்பது பெரிய செலவல்ல. வெளிமாநிலத்தில் ஒரு பொதுத் தொடர்பு ஆளை வைத்துக்கொண்டு, எல்லோரும் அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது என்று பேசி வையுங்கள். குரல் அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி நுழையும். வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கிவிட வேண்டும்.

பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒரு தாள் போதும்: ஆக்சிஜன் கருவியில் இருப்பவர் யார், டயாலிசிஸ் யாருக்கு, தனியாக இருக்கும் முதியவர் யார், செயின்சா யாரிடம், நர்ஸ் யார். டயாலிசிஸ் நோயாளி புயலுக்கு முந்தைய நாளே ஒரு முறை செய்துகொண்டு, மருத்துவமனை தரும் மூன்று நாள் அவசர உணவுமுறைக்கு மாறலாம். திறந்த இன்சுலின் குப்பி பெரும்பாலான வகைகளில் அறை வெப்பத்தில் சுமார் 28 நாள் தாங்கும். ஃபிரிட்ஜ் நின்றதென்று பயந்து எறியாதீர்கள், வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். மருந்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் வாங்க வேண்டும்: வட கரோலினாவின் மேரியன் அருகே ஒரே ஆலையில் வெள்ளம் புகுந்ததில் நாடு முழுவதும் ஐ.வி. திரவத்துக்குத் தட்டுப்பாடு வந்தது.

காப்பீடு

வழக்கமான வீட்டுக் காப்பீடு மரம் விழுந்த சேதத்தைத் தரும், வெள்ளத்தைத் தராது. ஹெலீன் தாக்கிய மலை மாவட்டங்களில் வெள்ளக் காப்பீடு வைத்திருந்த வீடுகள் மிகச் சில. கூட்டரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரை கிடைக்கும். வாடகைக்கு இருப்பவரும் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். சேறு நீராக ஓடி வந்து வீட்டுக்குள் புகுந்தால் அது ஏற்கும், சரிவே பெயர்ந்து விழுந்தால் ஏற்காது. எடுக்குமுன் முகவரிடம் இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறை அறையாக வீடியோ எடுத்து வெளியூர் ஆளுக்கும் அனுப்பி வையுங்கள். புயல் பெயர் பெற்ற பிறகு ஓடிப்போய் வாங்கினால் அந்தப் புயலுக்கு உதவாது. பணம் கட்டிப் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1இல் தொடங்குகிறது. ஆக, ஏப்ரல் முடியுமுன் கட்டிவிட வேண்டும்.